லினக்ஸ் கெர்னலில் டிசிபி பிழையைத் திருத்துவது எப்படி: சாக் பேனிக் வழியாக ஒரு வழிகாட்டி

சி மொழி ஓரளவு வரும், டிசிபி எப்படி இயங்குகிறது என்று பொதுவாகத் தெரியும், ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலைத் திறந்து பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் ஒரு பிழையைத் தேடிப் பிடித்து, திருத்தி, அந்தத் திருத்தம் அதிகாரபூர்வக் கெர்னலில் சேரும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் உண்மையில் நடந்த ஒரு பிழையைக் கூடவே எடுத்துக்கொள்கிறேன். 'சாக் பேனிக்' என்று பெயர் வாங்கிய அது 2019 ஜூன் 17 அன்று வெளியே அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது எண்ணான சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2019-11477. கண்டுபிடித்தவர் நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி. திருத்தியவர் கூகுளின் எரிக் டுமாசே. எங்கிருந்தோ யாரோ அனுப்பும் பாக்கெட்டுகளால் ஒரு சர்வரின் கெர்னலையே நிறுத்திவிடலாம் என்பதுதான் அதன் கடுமை. அதைச் சரிசெய்த நிரலோ ஒரு சின்ன செயற்கூறு, அவ்வளவுதான். அந்தச் சில வரிகளை எழுதும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள்

நெட்வொர்க் பகுதிக்கு இரண்டு கிட் மரங்கள், அதாவது மாற்றங்களின் வரலாற்றோடு மூலநிரலை வைத்திருக்கும் களஞ்சியங்கள், உண்டு. ஒன்று 'நெட்', இன்னொன்று 'நெட்-நெக்ஸ்ட்'. பிழைத்திருத்தங்கள் முதலாவதற்குப் போகும். புதிய வசதிகள், நிரல் ஒழுங்குபடுத்தல் எல்லாம் இரண்டாவதற்கு. நீங்கள் பிழை திருத்த வந்திருப்பதால் 'நெட்' மரத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் மடிக்கணினியிலேயே சோதனைக் கெர்னலைப் பூட் செய்ய வேண்டாம். க்யூஎமு மெய்நிகர் கணினி போதும். விர்ட்மி-என்ஜி என்ற கருவி இன்னும் சுலபம்: நீங்கள் பில்ட் செய்த கெர்னலை, தனியாக டிஸ்க் இமேஜ் எதுவும் தயாரிக்காமல், உங்கள் கணினியின் கோப்புகளையே காட்டிச் சில நொடிகளில் பூட் செய்துவிடும். ஒரு வரி மாற்றம், பில்ட், பூட், சோதனை என்று மாறி மாறிப் போகும் வேலைக்கு இந்த வேகம் அவசியம்.

கட்டமைப்பில் மூன்றை மறக்காமல் இயக்குங்கள். காசான், நினைவகத்தைத் தவறாகத் தொட்டால் அந்த இடத்திலேயே பிடிக்கும். லாக்டெப், பூட்டுகளை எடுக்கும் வரிசையில் சிக்கல் வந்தால் சொல்லும். மூன்றாவது டீபக் தகவல். அது இல்லாவிட்டால் கெர்னல் விழும்போது கிடைக்கும் முகவரிகளை வரி எண்களாக மாற்ற முடியாது.

எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டியதில்லை. டிசிபியைப் பொறுத்தவரை 'நெட்' அடைவுக்குள் 'ஐபிவி4' அடைவில் இருக்கும் டிசிபி_இன்புட், டிசிபி_அவுட்புட், டிசிபி ஆகிய மூன்று சி கோப்புகளிலேயே பெரும்பாலும் சுற்றிவருவீர்கள். அதற்கு முன் எஸ்கே_பஃப் என்ற ஸ்ட்ரக்சரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கெர்னலில் பாக்கெட் என்றால் அதுதான். எல்லோரும் சுருக்கமாக எஸ்கேபி என்பார்கள். தரவு ஒரே நீளமான இடத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை. பல துண்டுகளாக வெவ்வேறு நினைவகப் பக்கங்களில் கிடக்கும். எஸ்கேபி அவற்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துண்டுகள் பின்னால் வருகின்றன, நினைவில் வையுங்கள்.

அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

நெட்வொர்க் பிழைகள் மூன்று விதமாக முகம் காட்டும்: கெர்னல் விழும், வயரில் தவறான பாக்கெட் போகும், அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருந்தும் வேகம் படுத்துவிடும்.

கெர்னல் விழுவது பார்க்கப் பயமாக இருந்தாலும் அதுதான் இருப்பதிலேயே எளிது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். செயற்கூறுகளின் அழைப்பு வரிசையை அப்படியே எடுத்து, கெர்னலோடு வரும் 'டிகோட்_ஸ்டாக்டிரேஸ்' ஸ்கிரிப்ட்டில் கொடுத்தால் வரி எண்களோடு திரும்பி வரும். சாக் பேனிக்கில் விழுந்த இடம் டிசிபி_ஷிஃப்டெட்_எஸ்கேபி என்ற செயற்கூறு. அங்கே ஒரு பக்_ஆன் நின்றது. ஒரு நிலைமை வரவே வராது என்று நிரலை எழுதியவர் உறுதியாக நம்பும் இடத்தில் வைப்பது பக்_ஆன். அந்த நிலைமை வந்துவிட்டால் கெர்னல் மேலே போகாமல் அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒன்றைக் கண்டால் உங்கள் முதல் கேள்வி: வராது என்று நம்பியது எப்படி வந்தது?

வயரில் போவதைப் பார்க்க டிசிபிடம்ப். முடிந்தால் இரண்டு முனைகளிலும் பதிவு செய்யுங்கள். இங்கே புதியவர்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அனுப்பும் பக்கத்தில் எடுத்த பதிவை வயர்ஷார்க்கில் திறந்தால் 60 கேபிக்கும் மேல் நீளமான பாக்கெட்டுகள் தெரியும். செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) சோதனையை இயக்கியிருந்தால், அது தவறு என்றும் காட்டும். பிழை அகப்பட்டது என்று துள்ள வேண்டாம். கெர்னல் பெரிய எஸ்கேபியாகவே கீழே தள்ளிவிட்டு, அதைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டுவதையும் செக்சம் போடுவதையும் நெட்வொர்க் அட்டையிடம் விட்டுவிடுகிறது. டிசிபிடம்ப் பார்ப்பது வெட்டுவதற்கு முந்தைய நிலையை. ஈதிடூல் கட்டளையால் இந்த ஆஃப்லோடு வசதிகளை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் உண்மையில் வயரில் போவது தெரியும். ஆனால் நிறுத்தியதும் பிழையே மறைந்துவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழை அந்தப் பெரிய எஸ்கேபிகளைக் கையாளும் நிரலில்தான் இருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம்.

வேகம் படுத்துவிடும் பிழைகளுக்குக் கவுண்டர்கள்தான் துணை. என்ஸ்டாட் கட்டளை கெர்னலின் டிசிபி கவுண்டர்களைக் காட்டும். எஸ்எஸ் கட்டளை ஒவ்வொரு இணைப்பின் உள்நிலையையும் காட்டும். பாக்கெட் உள்ளேயே எங்கோ தொலைகிறது என்றால் 'கேஃப்ரீ_எஸ்கேபி' டிரேஸ்பாயின்ட்டை (கெர்னலுக்குள் முன்பே வைத்திருக்கும் கண்காணிப்பு இடம்) இயக்குங்கள். அண்மைக்காலக் கெர்னல்களில் பாக்கெட்டை ஏன் கைவிட்டது என்ற காரணத்தையும் சேர்த்தே அது சொல்லும்.

கையில் மறுபடி வராத பிழையைத் தொடாதீர்கள்

நிரலைப் படித்து 'இதுவாகத்தான் இருக்கும்' என்று மாற்றிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டும் என்கிறபோதெல்லாம் பிழையை வரவழைக்கத் தெரிந்த பிறகே நிரலில் கை வையுங்கள். இல்லாவிட்டால் திருத்தம் வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

இதற்கு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்கள் அருமையான வசதி. ஒரே மெய்நிகர் கணினிக்குள் இரண்டு நேம்ஸ்பேஸ்களை உருவாக்கி, நடுவில் வெத் என்ற மெய்நிகர் இணைப்பைப் போட்டால் இரண்டு தனிக் கணினிகள்போல ஆகிவிடும். நெட்எம் கொண்டு அந்த இணைப்பில் தாமதம், பாக்கெட் இழப்பு, வரிசை மாறுதல் எல்லாவற்றையும் வேண்டிய அளவுக்குப் புகுத்தலாம்.

டிசிபி பிழைகளுக்கு இன்னும் கூர்மையான கருவி பாக்கெட்ட்ரில். கூகுள் 2013இல் வெளியிட்டது. இந்த நொடியில் இந்தப் பாக்கெட் வருகிறது, கெர்னல் இப்படிப் பதில் அனுப்ப வேண்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதினால், எதிர்முனையாக அதுவே நடித்துக்கொண்டு கெர்னலைச் சோதிக்கும். சாதாரண டிசிபி நிரல் ஒருபோதும் அனுப்பாத விசித்திரமான பாக்கெட்டுகளையும் அனுப்பலாம். நெறிமுறைப் பிழைகள் பதுங்கியிருப்பது அந்த விசித்திரங்களில்தான் என்பதால் இதைக் கற்கச் செலவாகும் நேரம் வீண் போகாது. எல்லாம் உங்கள் மெய்நிகர் கணினிக்குள்ளேயே நடக்கட்டும். அடுத்தவர் சர்வரில் சோதித்துப் பார்ப்பது குற்றம்.

இப்போது அந்தக் கணக்கு

சாக் என்பது 1996இல் ஆர்எஃப்சி 2018 என்ற எண்ணுள்ள இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்த டிசிபி வசதி. நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால், 'இதுவரை வந்தது இவ்வளவு, அதற்குப் பிறகு இந்த இந்தப் பகுதிகளும் வந்துவிட்டன' என்று பெறுபவர் அனுப்புநருக்குச் சொல்ல அது வழி செய்கிறது. அனுப்புநர் தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

லினக்ஸில் அனுப்பும் பக்கம் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். சாக் வழியாக வந்து சேர்ந்ததாகத் தெரிந்த எஸ்கேபிகள் அடுத்தடுத்து இருந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுவது. பட்டியல் குட்டையாகும், ஒவ்வொரு சாக் வரும்போதும் தேடும் வேலை குறையும். 2008 நவம்பரில் எழுதப்பட்ட இந்த மாற்றம் 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கெர்னலில் சேர்ந்தது.

இனி எண்களைப் பாருங்கள். ஒரு எஸ்கேபியில் 17 துண்டுகள் வரை இருக்கலாம். 64 கேபியை 4 கேபி பக்கங்களாக வகுத்தால் 16, அதோடு ஒன்று கூட்டினால் 17. அந்த எண் வந்த வழி அது. ஆனால் ஒரு துண்டு 4 கேபியோடு நின்றுவிடுவதில்லை; எக்ஸ்86 கணினிகளில் 32 கேபி வரை போகலாம். ஆக ஒரு எஸ்கேபியில் அதிகபட்சம் 17 × 32 × 1024 = 5,57,056 பைட்டுகள்.

மறுபக்கம், இணைப்பு தொடங்கும்போது எதிர்முனை 'எனக்கு இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே' என்று எம்எஸ்எஸ் மதிப்பைச் சொல்லும். லினக்ஸ் ஏற்றுக்கொண்ட மிகச் சிறிய மதிப்பு 48. அதில் டிசிபி ஆப்ஷன்கள் 40 பைட்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 8. அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 8 பைட் தரவு.

5,57,056ஐ 8ஆல் வகுத்தால் 69,632. ஒரு எஸ்கேபிக்குள் அத்தனை டிசிபி பாக்கெட்டுகளுக்கான தரவு. அதை எண்ணி வைக்கும் கவுண்டருக்கு ஒதுக்கிய இடமோ 16 பிட். 65,535க்கு மேல் அது கொள்ளாது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண்ணி 99,999ஐத் தாண்டியதும் சுழியத்துக்கு வருவதுபோல, 69,632 என்பது 4,096 ஆகிவிடும். பக்_ஆன் சோதித்தது இந்தக் கவுண்டரைத்தான். இருக்க வேண்டியதைவிடக் கவுண்டர் குறைவாக இருந்தது, கெர்னல் நின்றது.

சாக் இல்லாமல் இது நடக்காது என்பதையும் கவனியுங்கள். செயலி தரவை எழுதும்போது டிசிபி கட்டும் எஸ்கேபி 64 கேபிக்குள்தான் இருக்கும். அதை 8ஆல் வகுத்தாலும் 8,192ஐத் தாண்டாது. சேர்க்கும் நிரல்தான் 17 துண்டுகளையும் நிரப்பிவிடுகிறது.

17, 32 கேபி, 48, 16 பிட். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான முடிவு. நான்கும் நான்கு வேறு இடங்களில் இருப்பதால் ஒரு கோப்பை மட்டும் படிப்பவர் கண்ணில் பிழை படாது. நெட்வொர்க் பிழையைத் தேடும்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: எதிர்முனை தன் விருப்பப்படி மாற்றக்கூடிய மதிப்புகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஏற்கும் கடைசி எல்லை எது என்று நிரலைப் பார்த்து எழுதுங்கள். அந்த எல்லை மதிப்புகளை ஒன்றாகப் பெருக்கி, வகுத்து, விடை எந்த மாறியில் போய் உட்காருகிறது, அதன் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். கருவிகள் எத்தனை இருந்தாலும் இந்தத் தாள் வேலைக்கு ஈடில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிழை எப்போது நுழைந்தது?

திருத்தத்தோடு இதையும் சொல்லியாக வேண்டும். கிட் பிளேம் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும். ஆனால் அது வெறும் இடைவெளித் திருத்தமாகக்கூட இருக்கலாம், அதனால் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். முன்பு வேலை செய்தது, இப்போது இல்லை என்றால் கிட் பைசெக்ட்; பிழையைக் கொண்டுவந்த கம்மிட்டை, அதாவது பதிவான ஒரு மாற்றத்தை, பாதி பாதியாகக் கழித்துத் தேடும் கட்டளை அது. ஒரு கெர்னல் வெளியீட்டில் பத்தாயிரத்துக்கு மேல் கம்மிட்டுகள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் சுமார் 14 பில்ட் போதும். விடை கிடைத்ததும் அந்தக் கம்மிட்டின் விளக்கத்தை முழுசாகப் படியுங்கள். எழுதியவர் எதற்காக எழுதினார் என்று தெரியாமல் திருத்தினால், அவர் சரிசெய்த பழைய பிழையை நீங்கள் திரும்பக் கொண்டுவந்துவிடுவீர்கள்.

எங்கே திருத்துவது?

சாக் பேனிக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் தோன்றும். கவுண்டரை 32 பிட்டாக்கலாமே? டிசிபி தன் சொந்தத் தகவல்களை வைக்க எஸ்கேபியில் 48 பைட் இடம்தான் இருக்கிறது, அதில் இடநெருக்கடி எப்போதும் உண்டு. எஸ்கேபியைப் பெரிதாக்கினால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தச் செலவு விழும். பக்_ஆனை எடுத்துவிடலாமே? கெர்னல் விழாது, ஆனால் கணக்கு தவறாகவே ஓடும்; இது திருத்தமே இல்லை. எம்எஸ்எஸ் குறைந்தபட்சத்தை ஏற்றலாமே? சின்ன மதிப்பை நியாயமாகவே பயன்படுத்தும் இணைப்புகள் உடையலாம்.

டுமாசே எடுத்த வழி எளிமையானது. சேர்க்கும் வேலையைச் செய்யும் இடத்துக்கு முன்னால் டிசிபி_எஸ்கேபி_ஷிஃப்ட் என்ற சிறு செயற்கூறை வைத்தார். சேர்த்தபின் நீளம் 65,535 × 8 பைட்டுகளை எட்டுமா? எண்ணிக்கை 65,535ஐத் தாண்டுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் சேர்க்காமல் திரும்பிவிடும். சேர்ப்பது வேகத்துக்காகச் செய்யும் வசதி மட்டுமே. சேர்க்காமல் விட்டால் எதுவும் கெடாது. சேர்க்க முடியாதபோது போக வேண்டிய பாதையும் ஏற்கெனவே நிரலில் இருந்தது. திருத்தத்துக்கு இடம் தேடும்போது இப்படிப்பட்ட இடத்தைத் தேடுங்கள்: 'முடியாது' என்று சொன்னால் பாதுகாப்பாகப் பின்வாங்கக் கூடிய இடம்.

பேட்சை எழுதி அனுப்புவது

பேட்ச் என்பது நீங்கள் செய்த மாற்றமும் அதற்கான விளக்கமும் சேர்ந்தது. அதில் நிரலைவிட விளக்கத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். என்ன நடக்கிறது, எந்தச் சூழலில், ஏன், இந்தத் திருத்தம் ஏன் போதும். மேலே நான் போட்ட கணக்கின் சாரத்தை, 48, 17 துண்டுகள், 32 கேபி, 16 பிட் என்று டுமாசே தன் கம்மிட் விளக்கத்தில் சில வரிகளில் எழுதியிருக்கிறார். அதைத் தேடிப் படியுங்கள்; விளக்கம் எழுத அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

விளக்கத்தின் கீழே 'ஃபிக்ஸஸ்' வரி: பிழை நுழைந்த கம்மிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும். பழைய கெர்னல்களைப் பராமரிப்பவர்கள் எந்தெந்த வெளியீடுகளுக்கு இது தேவை என்று முடிவுசெய்வது இதைப் பார்த்துத்தான். அப்புறம் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி, உங்கள் பெயரோடு. தலைப்பின் முன்னால் சதுர அடைப்புக்குள் பேட்ச் நெட் என்று குறிப்பிட வேண்டும்.

'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட்டை ஓட்டி நடைப் பிழைகளைக் களையுங்கள். 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையால் அனுப்புங்கள். சாதாரண மின்னஞ்சல் செயலியில் ஒட்டினால் டேப்கள் இடைவெளிகளாகிப் பேட்ச் பொருந்தாமல் போகும். மறுப்பு வந்தால் வாதத்தைப் படித்து, சரியென்றால் மாற்றி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து அனுப்புங்கள். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அடுத்த பதிப்பை அனுப்பக் கூடாது என்பது நெட்வொர்க் பகுதியின் விதி. மற்றவர்களும் படித்துக் கருத்துச் சொல்ல அந்த நேரம் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. வெளியிலிருந்து கணினியைச் சாய்க்கக்கூடிய பிழை என்றால் பொதுவெளியில் போடாதீர்கள். கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். சாக் பேனிக் வெளியான அன்றே 4.4.182, 4.9.182, 4.14.127, 4.19.52, 5.1.11 என்று திருத்திய கெர்னல்கள் தயாராக வந்தன. உடனே மேம்படுத்த முடியாதவர்களுக்கு சாக்கை நிறுத்திவைப்பது, மிகச் சிறிய எம்எஸ்எஸ்ஸோடு வரும் இணைப்புகளை ஃபயர்வாலில் தடுப்பது என்று தற்காலிக வழிகளும் சொல்லப்பட்டன.

சேர்ந்த பிறகும் கண் வையுங்கள்

அதே நாளில் இன்னொரு பிழைக்கும், சிவிஇ-2019-11478க்கு, திருத்தம் வந்தது. ஒரு எதிர்முனை எஸ்கேபிகளை ஏராளமான துண்டுகளாக உடைக்கவைத்து நினைவகத்தையும் நேரத்தையும் விழுங்க முடியும் என்பது அந்தப் பிழை. உடைக்கும் செயற்கூறில் ஒரு நினைவக வரம்பை வைத்தார்கள். அனுப்பும் பஃபரை மிகச் சிறிதாக அமைத்திருந்த சில நல்ல செயலிகளும் அந்த வரம்பில் மாட்டிக்கொண்டன. சில நாட்களிலேயே, 2019 ஜூன் மாதமே, வரம்பைச் சீர்செய்து இன்னொரு பேட்ச் வந்தது. டிசிபியை நன்றாக அறிந்தவர்களின் திருத்தத்துக்கே இது நேர்ந்தது. அதனால் உங்கள் பேட்ச் சேர்ந்த பிறகு வரும் மின்னஞ்சல்களைப் படியுங்கள், புகார் வந்தால் அன்றே பதில் போடுங்கள். நீங்கள் எழுதிய பாக்கெட்ட்ரில் ஸ்கிரிப்ட்டையும் கெர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கப் பாருங்கள். 2024 முதல் அங்கே அதற்கென்றே ஓர் அடைவு இருக்கிறது.

முதல் பிழையை எங்கே தேடுவது?

சிஸ்பாட். கூகுள் நடத்தும் இந்தத் தானியங்கி, தாறுமாறான சிஸ்டம் அழைப்புகளால் கெர்னலை இடைவிடாமல் சோதித்து, விழும்போதெல்லாம் அறிக்கை போடும். நெட்வொர்க் பகுதியில் திறந்து கிடக்கும் பிழைகள் எப்போதும் இருக்கும். பட்டியலில் சி நிரலாக ரிப்ரொட்யூசர் (பிழையை மறுபடி வரவழைக்கும் நிரல்) கிடைத்தவற்றை மட்டும் எடுங்கள். அது இல்லாதவற்றை அனுபவம் கூடும்வரை விட்டுவிடலாம். முதலில் யாராவது ஏற்கெனவே பேட்ச் அனுப்பியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். உங்கள் பேட்சை அறிக்கைக்குப் பதிலாக அனுப்பி, சோதிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால் சிஸ்பாட்டே அதைப் பில்ட் செய்து, ஓட்டி, முடிவைத் திருப்பி அனுப்பும். இறுதிப் பேட்சில், அறிக்கையில் கொடுத்திருக்கும் 'ரிப்போர்ட்டட்-பை' வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேருங்கள். பேட்ச் மரத்தில் சேர்ந்ததும் அந்த வரியை வைத்துத்தான் சிஸ்பாட் பிழையை மூடுகிறது.